ஆயில் முள்ளும் பட்டாளத்தாரும்

"தெரியாது" என்று பட்டாளத்தார் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டில் இருந்தார் என்பதைவிட, என் லாட்ஜின் வரவேற்பறையில் கிடந்த பிரம்பு நாற்காலியில் இருந்தார் என்பதே சரி. இத்தனை வருஷத்தில் வாய் தவறியாவது ஒரு தடவை அந்த வார்த்தை வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடியுமுன் மீசையின் வலது நுனியை ஒரு திருகு திருகிவிட்டு "சிம்பிள்" என்பார். என்ன பதில் சொல்லலாம் என்று யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையைப் பல பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தடவை அந்த இடத்தில் நிறுத்தப் போவதில்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எட்டு அறைகள் கொண்ட லாட்ஜ் என்னுடையது. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். நான், ஒரு பழைய ஜீப், அதை ஓட்டும் பேச்சிமுத்து, இவ்வளவுதான் லாட்ஜ். தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களைக் கூட்டி வருவது, பழைய அருவி, பாலருவி என்று சுற்றிக் காட்டுவது எல்லாம் அந்த ஜீப்புதான். ஜீப் நின்றால் லாட்ஜில் பாதி நின்றது மாதிரி.

பட்டாளத்தார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிப் பிரிவில் இருந்ததாகச் சொல்வார். அங்கே வண்டியை என்ன செய்தார், ஓட்டினாரா, கழுவினாரா, இல்லை எண்ணிக்கொண்டு இருந்தாரா என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. அந்தப் பேனாவால் அவர் ஒரு வரி எழுதிப் பார்த்தவர் கிடையாது. கையில் ஒரு குடை. கொட்டுகிற மழையிலும் அதை விரிக்க மாட்டார், எதையாவது சுட்டிக் காட்டத்தான் வைத்திருந்தார். அந்தக் குடையின் நுனி எதன் மேல் பட்டதோ அது சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது என் அனுபவம்.

ஒருமுறை விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு பழைய அருவிக்கு வழி கேட்டது. போன் சரியாகத்தான் காட்டியது. பட்டாளத்தார் விடவில்லை.

"சிம்பிள் தம்பி. போன்ல காட்டுதது சேட்டிலைட்டு. சாரல் நேரத்துல சேட்டிலைட்டுக்கு ரோடு தெரியாது. நீங்க இப்படியே நேராப் போயி எடது கைப் பக்கம் திரும்புங்க."

குழந்தைகளோடு அவர்கள் புலியருவிக்குப் போய்ச் சேர்ந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து நனைந்து திரும்பி வந்தார்கள். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. பட்டாளத்தாருக்கு என்ன கூச்சம்? "ரோட்ட மாத்திட்டானுவ" என்றார். அதையும் சிம்பிளாகத்தான் சொன்னார்.

இன்னொரு நாள், குரங்கு ஒரு விருந்தாளியின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. குரங்கின் கண்ணை உற்றுப் பார்த்தால் அது பயந்து போட்டுவிடும் என்றார். அந்த அப்பாவி உற்றுப் பார்த்தார். இறங்கி வந்த குரங்கு தொப்பியையும் எடுத்துக்கொண்டு போனது. ரம்புட்டான் பழத்தில் எது கனிந்தது, எந்த முழங்காலுக்கு எந்தத் தைலம், தேங்காயை எந்தக் கண் பக்கம் உடைக்க வேண்டும், எல்லாமே அவருக்குச் சிம்பிள்தான். அவர் மனைவி மட்டும் ஒருநாள், மதில் பக்கம் நின்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"அவிய பேச்சக் கேட்டு எதும் செஞ்சிராதிய தாயி. எங்க வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்துததுக்கு நாந்தான் ஆளு. அவிய பக்கத்துல நின்னு சொல்லுவாவ."

கூடவே இருந்து சமைத்துப் போடுகிறவள் சொன்னாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

வராததற்குக் காரணம் உண்டு. அதற்கு முதலில் சாரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீசன் தொடங்கிவிட்டால் இந்த ஊரில் எந்தத் தப்புக்கும் சொந்தக்காரன் கிடையாது. தீக்குச்சி பற்றாவிட்டால் சாரல். உப்பு நீர்த்துப் போனால் சாரல். கதவு அடைபடாவிட்டால் சாரல். தையல்காரன் ஜாக்கெட் தராவிட்டால் சாரல், பாத்திரம் தேய்க்கிறவள் வராவிட்டால் அதற்கும் சாரல். இதில் பாதி உண்மை. மலையிலிருந்து இறங்குகிற அந்தப் பூந்தூறலில் எல்லாமே கொஞ்சம் ஊறித்தான் போகும். அந்தப் பாதி உண்மையை முதலாகப் போட்டு ஆனியிலிருந்து ஆவணி வரை கடை நடத்தியவர் பட்டாளத்தார். வாங்கினவர்கள் நாங்கள். ஊரே ஒரு காரணத்துக்குப் பழகிவிட்டால் வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்?

அப்படி ஒரு சாரல் காலத்தில்தான் பேச்சிமுத்து வந்து கவுண்டர் முன்னால் நின்றான். நாற்பது வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டான். தினமும் காலையில் ஜீப்பின் பானெட்டைத் தூக்கி, எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். சில பேர் பல் தேய்க்காமல் டீ குடிக்க மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி.

"அக்கா, ஆயில் முள்ளு சரியில்ல" என்றான்.

ஜீப்பின் முகப்பில் மூன்று வட்டங்கள் உண்டு. ஒன்று டீசல், ஒன்று சூடு. மூன்றாவது, எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டுவது. அந்த மூன்றாவதை அதுவரை நான் ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை.

"என்ன செய்யுது?"

"காலைல எடுக்கப்போ நல்லா நிக்கு. ஏத்தத்துல கொஞ்ச தூரம் போனா ஆடுது, பொறவு விழுந்துருது. ஓரமா நிப்பாட்டி ஒரு டீ குடிச்சிட்டு எடுத்தா திரும்ப எந்திரிச்சி நிக்கு. என்னமோ அதுக்கு மூச்சு முட்டுத மாதிரி இருக்குக்கா. தென்காசி வொர்க்‌ஷாப்புல ஒருக்கா காட்டிருவோமா?"

அவன் சொன்னதில் எல்லாமே இருந்தது. எப்போது நிற்கிறது, எப்போது விழுகிறது, எதற்குப் பிறகு எழுந்திருக்கிறது. காது உள்ளவளுக்கு அது போதும். ஆனால் பிரம்பு நாற்காலி முந்திக்கொண்டது.

"சிம்பிள். முள்ளுக்கு எஞ்சின்ல இருந்து ஒரு வயரு வரும். அந்த வயரு மாட்டுத எடத்துல சாரல் ஏறிருக்கு. ஈரம் பட்டா முள்ளு ஆடத்தானலே செய்யும்?"

"ஈரம்னா காலைலயும் ஆடணும்லா அண்ணாச்சி? அப்பதான் ஈரம் ஜாஸ்தி."

"காலைல குளுந்து கெடக்கும். சூடு ஏறுனாத்தான் ஈரம் வேலயக் காட்டும். பேசிக் பிரின்சிபிள்!"

பேசிக் பிரின்சிபிள் என்று சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அடங்கினேன். பட்டாளத்தார் ஒரு பிளாஸ்டிக் பையும் இரண்டு ரப்பர் பேண்டும் கேட்டு வாங்கி, எஞ்சினின் பக்கவாட்டில் அந்த வயர் மாட்டுகிற இடத்தைச் சுற்றிக் கட்டினார். அன்று வேறு சவாரி இல்லை. மறுநாள் ரயில் நிலையம் வரை சமதரையில் போய் வந்ததில் முள் ஆடவில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டி, ஏற்றம் இல்லாத சாலை, எப்படி ஆடும்? பட்டாளத்தார் இரண்டு நாள் மீசையைத் திருகியபடியே திரிந்தார். அவருக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் நான்.

இப்போது எனக்குத் தெரியும், பட்டபின் தெரிந்தது. அந்த முள் ஆட ஏழெட்டுக் காரணம் இருக்கலாம். எண்ணெய் குறைந்திருக்கலாம். சூட்டில் இளகியிருக்கலாம். வயர் தளர்ந்திருக்கலாம், அதாவது பட்டாளத்தார் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். எண்ணெயைத் தள்ளுகிற பம்ப் தேய்ந்திருக்கலாம். உள்ளே பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கலாம். எண்ணெயை உறிஞ்சுகிற வாய் அடைத்திருக்கலாம். அதனால்தான் நல்ல மெக்கானிக் முள்ளைப் பார்த்த உடனே வாயைத் திறக்க மாட்டான். முதலில் குச்சியை இழுத்துப் பார்ப்பான். பிறகு வயரை ஆட்டிப் பார்ப்பான். பிறகு தன்னிடம் இருக்கிற தனி மீட்டரை எஞ்சினில் நேராக மாட்டி, பொய் சொல்வது முள்ளா எஞ்சினா என்று கேட்பான். அதுவரை அவன் சொல்கிற பதில் "பாக்கணும்" என்பதுதான். பட்டாளத்தாரின் அகராதியில் அந்தச் சொல்லும் கிடையாது.

அடுத்த வாரம் பழைய அருவி ஏற்றத்தில் முள் மறுபடி விழுந்தது. பேச்சிமுத்து வந்து சொன்னான். "கெட்டி ஆயில் ஊத்து, முள்ளு தானா நிக்கும்" என்றார் பட்டாளத்தார். அவரே தென்காசிக்குப் போய், டிராக்டருக்கு ஊற்றுகிற கெட்டியான எண்ணெயை வாங்கி வந்தார். தன் கைக்காசில் வாங்கினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பொய்யன் என்றால் மன்னித்துவிடலாம், பொய்யனுக்காவது உண்மை எது என்று தெரியும். இந்த மனிதர் தன் பதிலைத் தானே நம்பி, அதற்காகக் கைக்காசும் செலவழிக்கிற ஆள். இந்த ஜாதிக்கு மருந்தே கிடையாது.

கெட்டி எண்ணெய் ஊற்றியதும் முள் நன்றாகத்தான் எழுந்து நின்றது. நாலு நாள். அப்புறம் முன்னைவிட மோசமாக, புறப்பட்ட பத்து நிமிஷத்திலேயே விழ ஆரம்பித்தது. பேச்சிமுத்து மூன்றாம் தடவை வந்து நின்றபோது பட்டாளத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, நீ ரோட்டப் பாத்து ஓட்டுதியா, முள்ளப் பாத்து ஓட்டுதியா? பட்டாளத்துல நாங்க முள்ளப் பாக்கதே கெடயாது. எஞ்சின் சத்தத்தக் கேப்போம். முள்ளப் பாத்துப் பாத்துத்தாம்லே ஒனக்குப் பயம் வருது."

போய் அந்த வயரையே கழற்றிவிட்டார். முள் கீழே படுத்துக்கொண்டது. இனி ஆடாது, விழவும் விழாது. பேச்சிமுத்து என்னைப் பார்த்தான். நான் அறைச் சாவிகளை வரிசையாக ஆணியில் மாட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கும் அவன் ஓயாமல் வந்து நிற்பது அலுத்துப்போயிருந்தது. சீசன் நேரம், எட்டு அறையும் நிறைந்திருக்கிறது, இவனுக்கு ஒரு முள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பத்தாம் நாள், மதுரைக்காரக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு பேச்சிமுத்து பாலருவிக்குக் கிளம்பினான். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏற்றத்தில் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு அப்படியே இறுகி நின்றுவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது. கேரளாவுக்குப் போகிற லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்க, அந்தக் குடும்பம் சாரலில் ஓரமாக நின்று பஸ் பிடித்துத் திரும்பியது. பேச்சிமுத்து எனக்குப் போன் செய்தபோது, நேராகத் தென்காசிக்குக் கட்டி இழுத்துப் போகவா என்று கேட்டான். பக்கத்தில் இருந்த பட்டாளத்தார் போனை வாங்கிப் பேசினார்.

"இங்கன கொண்டா. நான் பாத்துச் சொல்லுதேன்."

ஜீப் லாட்ஜ் முன்னால் வந்து நிற்கும்போது சாயங்காலம் நாலு மணி. ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள் ஏழெட்டுப் பேர், எதிர்க் கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் கூடிவிட்டது. பட்டாளத்தார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைத் திறக்கவில்லை. குனியவும் இல்லை. குடை நுனியால் டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"சிம்பிள். எஞ்சின்ல ஆயில் இல்ல. ஆயில் இருந்தா எஞ்சின் இறுகிப் பிடிக்காது. போன மாசந்தானே நான் என் கையால ஊத்துனேன்? அது எங்க போச்சு? ஆவியாவா போச்சு?" கூட்டத்தைப் பார்த்து மீசையைத் திருகினார். "எறக்கி வித்துருக்கான். அதான் முள்ளு ஆடுது முள்ளு ஆடுதுன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கான் பய."

பேச்சிமுத்துவின் முகம் எப்படி ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"அக்கா, காலைல குச்சி பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன். கோடு வரைக்கும் ஆயில் இருந்துச்சு. நான் தொடல. நீங்களே வந்து ஒருக்கா இழுத்துப் பாருங்க."

நான் லாட்ஜின் வாசல்படியில் நின்றிருந்தேன். ஜீப்புக்கும் எனக்கும் பத்தடி. பானெட்டைத் தூக்கிக் குச்சியை இழுத்தால் தீர்ந்தது. எண்ணெய் இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்று. கூட்டமே பார்த்திருக்கும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. சாரல் தூறிக்கொண்டு இருந்தது. நான் படியிலிருந்து இறங்கவில்லை.

"சூட்டுல குச்சி பொய் சொல்லும்" என்று பட்டாளத்தார் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

"சாவிய வச்சிட்டுப் போ" என்றேன் நான்.

அவன் உள்ளே வந்து, சாவியைக் கவுண்டரில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, ஸ்டாண்டு டிரைவர்களின் நடுவே நடந்து போனான். ஒருவரும் வழியை விட்டதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் ஜீப் தென்காசிக்குப் போனது. அதற்கடுத்த நாள் மெக்கானிக் போன் செய்து "நீங்க வந்து கண்ணால பாத்துருங்க" என்றார். போனேன். அவர் முதல் வேலையாக, எஞ்சினை இறக்குவதற்கும் முன்னால், ஆயில் குச்சியை இழுத்திருக்கிறார். கோடு வரைக்கும் எண்ணெய் இருந்திருக்கிறது. சொட்டுக் குறையவில்லை. பிறகு, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தொட்டியைக் கழற்றி, எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயை எனக்குக் காட்டினார். அந்த வாயில் டீ வடிகட்டி மாதிரி ஒரு சின்ன வலை இருக்கிறது. வலை முழுக்கச் சிவப்பாக, ரப்பர் மாதிரித் துணுக்குகள் அப்பியிருந்தன. ஒரு ஊசி நுழைய இடமில்லை.

"தொட்டிய மாட்டும்போது ஒழுகாம இருக்க இந்தச் செவப்புப் பேஸ்ட்டக் கொஞ்சம் தடவுவோம். எவனோ டியூப் டியூபாப் பிதுக்கியிருக்கான். மிச்சம் உள்ள பக்கமா வழிஞ்சி, காஞ்சி, உதுந்து, வலைல வந்து அடச்சிருச்சி. வண்டி ஓடுனா உறிஞ்சுத வேகத்துல வலையோட ஒட்டிக்கிடும், முள்ளு விழும். நிப்பாட்டுனா கொஞ்சம் உதுந்து கீழ விழும், திரும்ப முள்ளு நிக்கும். இதுல கெட்டி ஆயில் வேற ஊத்திருக்கிய. அது எப்படி இதுக்குள்ள நுழையும்? ஆயில்லயே முங்கிக் கெடந்து ஆயில் இல்லாமச் செத்துருக்கும்மா ஒங்க எஞ்சின்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஓட்டுனவரு முன்னாலயே சொல்லிருப்பாரே? மூச்சு முட்டுத மாதிரி இருக்கும்லா வண்டி?"

"சொன்னான்" என்றேன்.

"பேஸ்ட்டு போட்டது யாரு?"

முந்தின வருஷம் தொட்டியின் விளிம்பில் எண்ணெய் கசிந்தபோது, "இதுக்குப் போயி மெக்கானிக்கா? சிம்பிள்" என்று சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தவரை எனக்குத் தெரியும். ஒரு டியூப் போதாது என்று இரண்டாவது டியூபும் கேட்டார். ஓடிப்போய் வாங்கி வந்து கொடுத்தது நான்தான். இதையாவது அடுத்தவர் தலையில் கட்ட முடியாது.

திரும்பி வந்து நேராகப் பிரம்பு நாற்காலியின் முன் நின்றேன். வலையைத் தாளில் பொதிந்து கொண்டு வந்திருந்தேன். அவர் மடியில் வைத்தேன். எண்ணெய் முழுசாக இருந்தது, பேச்சிமுத்து ஒன்றும் எடுக்கவில்லை, இது நீங்கள் பிதுக்கின பேஸ்ட் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இப்போதாவது அந்த முகத்தில் ஒரு தடுமாற்றம் வரும் என்று, சத்தியமாக, ஆசையோடு பார்த்தேன்.

வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீசையின் வலது நுனிக்குக் கை போனது.

"சிம்பிள் தங்கச்சி. பேஸ்ட்டுல கொற கெடயாது. சாரல்ல எளகிருக்கு."

எஞ்சினுக்குள், எண்ணெய்த் தொட்டிக்குள், சாரல்! சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். இந்த இடத்தில்தான் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் கதையை இங்கேதான் நிறுத்துவேன். கூடவே, அவர் இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கே எந்த லிஃப்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கிறாரோ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். கேட்கிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சிமுத்து என்ன ஆனான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவனுக்கு "ஆயில் திருடன்" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. குற்றாலம் ஸ்டாண்டில் அவனை நம்பி யாரும் சாவி கொடுக்கவில்லை. தென்காசியிலும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. டிரைவருக்கு லைசென்ஸ் ஒரு கண் என்றால் பெயர் இன்னொரு கண். பட்டாளத்தாரிடமிருந்து திரும்ப வாங்கிய வலை என் மேஜை டிராயரில் இருந்தது. ஸ்டாண்டு என் லாட்ஜிலிருந்து இருநூறு அடி. அங்கே போய், "எண்ணெய் முழுசாக இருந்தது, அவன் எடுக்கவில்லை" என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "அன்னைக்கே குச்சிய இழுத்துப் பாத்திருக்கலாம்லா?" என்பார்கள். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் "பார்க்கவில்லை" என்பது. அது வாயில் வரவில்லை.

ஒன்றரை மாதம் போனது. சீசன் முடிகிற சமயத்தில், அவன் புளியங்குடியில் எலுமிச்சை லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். வலையையும் பொதிந்து எடுத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் காலை ஏலம் முடிந்து, லாரியில் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு "வாங்கக்கா" என்றான். பழைய மரியாதை ஒரு இம்மி குறையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொதியைப் பிரித்துக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் பேச்சிமுத்து, என்னை மன்னிச்சிரு என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் வலையை விரலால் தடவிப் பார்த்தான்.

"நான் எடுக்கலன்னு எனக்குத்தான் முன்னாலயே தெரியுமேக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை. "அத எங்கிட்டச் சொல்லுததுக்கா இவ்ளவு தூரம் வந்திய? ஸ்டாண்டுல சொல்லிட்டியளா?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன். பயந்துகொண்டு போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். கேள்வி முடியுமுன் பதில் தானாக வந்துவிட்டது.

"எங்க பேச்சிமுத்து, அங்கன ஒரே சாரலு. ஸ்டாண்டுல ஒரு ஆளு நிக்கல."

பேச்சிமுத்து என்னைப் பார்த்தான். அந்தப் பிரம்பு நாற்காலியைப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"ஆமாக்கா, சாரல்தான்" என்றான்.

வலையைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு லாரியின் முன்பக்கம் போனான். ஆயில் குச்சியை இழுத்து, துணியில் துடைத்து, திரும்ப விட்டு, இழுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு மாட்டினான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நான் அங்கேயே நின்று முழுசாகப் பார்த்தேன்.